கால்கரி வீட்டு கரண்ட் பில்

மின்வாரியத்தில் 34 வருடம் குப்பை கொட்டியவன் நான். அதில் பெரும்பகுதி வருவாய்ப் பிரிவில். பில், பாக்கி, துண்டிப்புப் பட்டியல், மறு இணைப்புக் கட்டணம், இதுதான் என் உலகம். கம்ப்யூட்டர் சரித்திரத்தைப் பற்றி நான் எழுதுவதைப் பார்த்து, 'இவருக்கு எதற்கு இந்த வேலை' என்று பழைய ஆபீஸ் நண்பர்கள் சிரிக்கலாம். காரணம் இருக்கிறது. இந்தச் சரித்திரத்தின் நடுவில் ஒரு கரண்ட் பில் உட்கார்ந்திருக்கிறது.

பொங்கலுக்குப் பெரியவன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். லீவு என்று பெயர்தான். காலை ஐந்தரைக்கே லேப்டாப்பைத் திறந்துவைத்து, கறுப்புத் திரையில் ஏதோ ஒரு வரி தட்டிக்கொண்டிருந்தான். காபியோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னடா அது?"

"எஸ்எஸ்எச்-ப்பா. ஆபீஸ் மெஷினுக்குள்ள இங்கிருந்தே போறதுக்கு. நடுவுல எவனும் ஒட்டுக் கேக்க முடியாது."

"என்ன விலை?"

"இலவசம்ப்பா. உலகத்துல முக்கால்வாசி சர்வருக்கு இதுதான் வாசக்கதவு."

"அப்போ இதை எழுதினவங்களுக்கு யார் சம்பளம் கொடுக்கிறா?"

அவன் சிரித்தான். "நல்ல கேள்வி கேட்டீங்க. ஒரு தடவை கரண்ட் பில் கட்ட முடியாம, கடையை மூடற நிலைமைக்கே போயிருக்காங்க."

அவன் ஊருக்குப் போனபிறகும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. கரண்ட் பில் என்றால் எனக்கு விடாது. தேடித் தேடிப் படித்தேன். புரியாத இடங்களில் அவனுக்குப் போன் போட்டுத் தொந்தரவு செய்தேன். படித்ததில் மனதில் நின்றதை இங்கே எழுதுகிறேன். தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் சின்னப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வார்த்தை. ஓப்பன் சோர்ஸ் என்பதைத் தமிழில் கட்டற்ற மென்பொருள் என்றும் திறந்த மூல மென்பொருள் என்றும் சொல்கிறார்கள். சமையல் குறிப்போடு சேர்த்தே பலகாரத்தைக் கொடுப்பது மாதிரி. நீங்களும் செய்யலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். இதில் பணத்துக்கு வழி எங்கே என்று கணக்குப் பிரிவில் இருந்தவனுக்குக் கேட்கத் தோன்றத்தானே செய்யும்?

இந்தக் கதை கலிபோர்னியாவில் உள்ள பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆரம்பிக்கிறது. ஏடி அண்டு டி கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸ் என்ற அமைப்பை வாங்கி, பெர்க்லி மாணவர்களும் ஆசிரியர்களும் தங்கள் வசதிக்கு ஏற்ப மாற்றினார்கள். 1978-இல் பில் ஜாய் என்ற மாணவர் அந்த மாற்றங்களையெல்லாம் ஒரு நாடாவில் பதிந்து, கேட்டவர்களுக்கு அனுப்ப ஆரம்பித்தார். அதற்குப் பெயர் பிஎஸ்டி. 1980-இல் அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா இதற்குப் பணம் கொடுக்க முன்வந்தது. நாடு முழுவதும் தன் பணத்தில் நடக்கும் ஆய்வுக்கூடங்கள் ஒரே மாதிரி மென்பொருளில் இயங்கினால் நல்லது என்பது அவர்கள் கணக்கு. இன்றைய இன்டர்நெட்டின் அடிப்படை நெறிமுறைகள் பலருடைய கைக்குப் போனதில் 1983-இல் வந்த பிஎஸ்டி பதிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அதாவது, ராணுவப் பணத்தில் வளர்ந்த பிள்ளை இது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1989-இல் பெர்க்லிக்காரர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஏடி அண்டு டி உரிமம் தேவைப்படாத பகுதிகளை மட்டும் தனியாகப் பிரித்து ஒரு நாடாவாக வெளியிட்டார்கள். விலை 1,000 டாலர். ஆனால் வாங்கியவர் யாருக்கு வேண்டுமானாலும் இலவசமாகப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம் என்று அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். சில வாரங்களிலேயே அது நெட்வொர்க்கில் சும்மா கிடைத்தது. சும்மா கிடைப்பதை எவன் ஆயிரம் டாலர் கொடுத்து வாங்குவான்? வாங்கினார்கள். நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் வாங்கின. அந்தப் பணத்தில் மேற்கொண்டு வேலை நடந்தது.

அதே குழுவில் இருந்த கீத் போஸ்டிக் இன்னொரு வழி கண்டுபிடித்தார். யூனிக்ஸ் பயன்படுத்துவோர் கூடும் மாநாடுகளுக்குப் போய், ஏடி அண்டு டிக்குச் சொந்தமான சின்னச் சின்ன நிரல்களை முதலிலிருந்து புதிதாக எழுதித் தாருங்கள் என்று கேட்பார். கூலி கிடையாது. எழுதிய நிரலுக்குப் பக்கத்தில், பங்களித்தவர் பட்டியலில் பெயர் வரும், அவ்வளவுதான். நம் கோயில் டியூப்லைட்டில் பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு 'உபயம்' என்று பெயர் எழுதுவோமே, அந்த ஆசைதான். ஆனால் இங்கே பெயர் வெளிச்சத்தை மறைக்கவில்லை. ஒன்றரை வருடத்துக்குள் முக்கியமானவை எல்லாம் புதிதாக எழுதப்பட்டுவிட்டன.

பிறகு வழக்கு, வாய்தா, சமரசம் என்று சில வருடங்கள் போயின. அந்தக் கதை இங்கே வேண்டாம். பெர்க்லியின் மரத்திலிருந்து 1993-இல் பிரிந்த கிளைகளில் ஒன்று நெட்பிஎஸ்டி. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் தியோ டி ராட். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு கனடாவுக்கு வந்தவர். கால்கரி என்ற நகரத்தில் வீடு. கெட்டிக்காரர், அதே அளவுக்கு வாய்த்துடுக்கும் உள்ளவர். 1994 டிசம்பரில் கூட இருந்தவர்களே அவரைக் குழுவைவிட்டு விலகச் சொன்னார்கள். 1995 அக்டோபரில் அவர் தனிக்கடை போட்டார். அதுதான் ஓப்பன்பிஎஸ்டி. எங்கள் மென்பொருளில் திருடன் நுழைய ஓட்டை இருக்கக் கூடாது, இதுதான் அவர்களுடைய ஒரே விரதம். வரிக்கு வரி பழைய நிரல்களை உட்கார்ந்து படித்துத் தப்பு தேடுவார்கள். தணிக்கை என்று அவர்களே சொல்கிறார்கள். ஆடிட் பார்ட்டி வந்தால் எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். இவர்கள் தாங்களே தங்களை ஆடிட் செய்துகொண்டார்கள்.

கால்கரியில் வீடு இருந்தது ஒரு விதத்தில் அதிர்ஷ்டம் ஆயிற்று. அந்தக் காலத்தில் அமெரிக்க அரசு, ரகசியக் குறியீட்டு மென்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பக் கடுமையான கட்டுப்பாடு வைத்திருந்தது. 1996 வரை அது வெடிமருந்தோடு சேர்த்து ஆயுதப் பட்டியலிலேயே இருந்தது என்றால் நம்ப முடிகிறதா? கனடாவில் உட்கார்ந்து எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே 1999 ஜூன் 4-ஆம் தேதி பத்து பேர் கால்கரியில் கூடினார்கள். மேடை இல்லை, மாலை இல்லை, வரவேற்புரை இல்லை. அவரவர் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு சேர்ந்து உட்கார்ந்து எழுதுவது. அதற்கு 'ஹேக்கத்தான்' என்று பெயர் வைத்தார்கள். ஹேக் என்றால் இங்கே திருட்டு அர்த்தம் இல்லை, நிரல் எழுதுவதில் மூழ்கிக்கிடப்பது. அதோடு மாரத்தான் ஓட்டத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். அதே மாதம் சன் கம்பெனியும் தன் மாநாட்டில் இந்த வார்த்தையைப் பயன்படுத்தியது. இன்று நம் ஊர் என்ஜினியரிங் காலேஜ் எல்லாவற்றிலும் ஹேக்கத்தான் நடத்துகிறார்கள், பரிசு, செல்பி, டி-சர்ட் எல்லாம் உண்டு. அதன் ஆரம்பம் சட்டத்துக்குத் தப்ப பத்து பேர் கனடாவில் கூடிய கூட்டம் என்பது அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

அதே 1999 டிசம்பரில் ஓப்பன்எஸ்எஸ்எச் வெளிவந்தது. என் மகன் காலை ஐந்தரைக்குத் தட்டிய வரி. இதன் மூலம் பின்லாந்து. அங்கே ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யாரோ கம்பியில் போகும் பாஸ்வேர்டுகளைத் திருடியபோது, 1995-இல் தாத்து யிலோனன் என்பவர் எஸ்எஸ்எச் என்ற பூட்டைச் செய்தார். பிறகு அவருடைய பதிப்புகளின் உரிமம் இறுகிக்கொண்டே போனது. கால்கரிக்காரர்கள் கட்டுப்பாடு இல்லாத ஒரு பழைய பதிப்பை எடுத்து, சுத்தம் செய்து, எல்லோருக்கும் இலவசம் என்று விட்டார்கள். கொஞ்ச நாளில் பெரிய பெரிய கம்பெனிகள் தங்கள் கருவிகளில் அதைப் போட்டு விற்க ஆரம்பித்தன. பதிலுக்குப் பணம் தர வேண்டும் என்று உரிமத்தில் இல்லை, ஆகவே தரவில்லை. அன்னதானப் பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவிப் போகிறவரைக் கையைப் பிடித்து இழுக்க முடியாது. சட்டப்படி தப்பு இல்லைதான். ஆனால் கார் வைத்திருக்கிறவர் உண்டியலைத் தாண்டிப் போவதை நாமும் பார்த்திருக்கிறோம்.

அப்படியானால் சோற்றுக்கு என்ன வழி? குறுந்தகடு, அதாவது சிடி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப் பதிப்பு வரும். பேத்தை மீன் ஒன்று அவர்கள் சின்னம். தொட்டால் முள்ளை விரித்து உப்பிக்கொள்ளுமே, அதே மீன்தான். ஒவ்வொரு பதிப்புக்கும் அந்த மீனை வைத்து ஒரு படம், ஒட்டுவதற்கு ஸ்டிக்கர், 2001 டிசம்பரிலிருந்து பதிப்புக்கு ஒரு பாட்டு என்று சேர்த்து விற்றார்கள். மென்பொருளை நெட்டில் சும்மா எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த அழகான சிடி உறையும் டி-சர்ட்டும் வேண்டுமென்றால் காசு கொடுக்க வேண்டும். பெர்க்லியின் ஆயிரம் டாலர் நாடா ஞாபகத்துக்கு வருகிறது அல்லவா? விசுவாசிகள் வருடம் இரண்டு முறை வாங்கினார்கள். அந்தப் பணத்தில்தான் தியோவின் ஜீவனமும் ஹேக்கத்தான் செலவும் நடந்தன.

இப்போது ராணுவப் பணத்துக்குத் திரும்பி வருகிறேன்.

2001-இல் டார்பா மறுபடியும் வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஜோனதன் ஸ்மித் வழியாக, கட்டற்ற மென்பொருளின் பாதுகாப்பை மேம்படுத்த 23 லட்சம் டாலர் திட்டம். அதில் ஓப்பன்பிஎஸ்டிக்கும் பங்கு. முதல் முறையாகச் சிலருக்கு முழுநேரச் சம்பளம் கிடைத்தது. ஹேக்கத்தானுக்கும் அந்தக் கணக்கிலிருந்து ஒதுக்கீடு. 2003 மே மாதம் கால்கரியில் பெரிய ஹேக்கத்தான், சுமார் 60 பேர் பல நாடுகளிலிருந்து வருவதாக ஏற்பாடு.

மார்ச்சில் ஈராக் யுத்தம் ஆரம்பித்தது. ஏப்ரலில் கனடாவின் குளோப் அண்டு மெயில் நாளிதழ் தியோவைப் பேட்டி கண்டது. ராணுவப் பணத்தை வாங்குவது சங்கடமாக இல்லையா என்ற விஷயத்தில், எங்களுக்கு வருகிற பணத்தால் பாதி குரூஸ் ஏவுகணை கட்டப்படாமல் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொள்வதாக அவர் சொன்னார். பேப்பரில் அச்சாயிற்று. சில நாட்களில் பணம் நின்றது. அவருடைய பேச்சுதான் காரணம் என்று டார்பா ஒப்புக்கொள்ளவில்லை. உலக நிலவரம், மறுபரிசீலனை என்று என்னவோ சொன்னார்கள். அரசாங்க பாஷை எனக்குப் பழக்கம். அந்த மாதிரி வாக்கியங்களை நானே எத்தனையோ கடிதங்களில் டைப் அடிக்கக் கொடுத்திருக்கிறேன்.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. இன்னும் சில வாரத்தில் அறுபது பேர் வரப்போகிறார்கள், அறைகளுக்குச் சொல்லியாயிற்று, இப்போது போய் பத்திரிகைக்காரனிடம் ஏவுகணைக் கதையா? நான் வேலை பார்த்த காலம் முழுவதும் நடத்தை விதிக்குப் பயந்து பத்திரிகை பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. என் பெண்டாட்டியிடம் இதைச் சொன்னேன். "அவர் மனசுல இருந்ததைச் சொன்னார். உங்களுக்குத்தான் அது பழக்கமில்லையே" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை நான் வளர்க்கவில்லை.

ஹேக்கத்தான் நிற்கவில்லை. செய்தி பரவியதும் பயன்படுத்துகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் அனுப்பினார்கள். சொன்ன மாதத்தில், சொன்ன ஊரில் கூட்டம் நடந்தது.

ஆனால் உண்டியல் பணம் ஒரு திருவிழாவுக்குச் சரி, வருடம் முழுக்க ஓடுமா? 2006 மார்ச்சில் தியோ கையை விரித்தார். இரண்டு வருடமாக வருடத்துக்கு 20,000 டாலர் நஷ்டம் என்றார். இன்டர்நெட் வேகமாக ஆக ஆக, சிடி வாங்குகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். எஸ்எஸ்எச்சை வைத்துக் கோடிக்கணக்கில் வியாபாரம் செய்கிற கம்பெனிகள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று வெளிப்படையாகத் திட்டினார். அப்போது மோசில்லா அறக்கட்டளை 10,000 டாலர் கொடுத்தது. அதுவும் ஒரு ஓப்பன் சோர்ஸ் அமைப்புதான், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைச் செய்கிறவர்கள். கோடாடி என்ற கம்பெனி இன்னொரு 10,000 கொடுத்தது. தனி மனிதர்களும் அனுப்பினார்கள்.

கணக்குப் பிரிவுக்காரன் கண்ணில் பட்ட இன்னொரு கோளாறு உண்டு. அதுவரை நன்கொடை போனது தியோ என்ற தனி மனிதர் பெயருக்கு. எந்தக் கம்பெனியின் கணக்காளர் ஒரு தனி ஆளின் பெயருக்கு செக் எழுத ஒப்புக்கொள்வார்? ரசீதுக்கு எங்கே போவது? 2007-இல்தான் ஓப்பன்பிஎஸ்டி அறக்கட்டளை கனடாவில் லாப நோக்கமில்லாத அமைப்பாகப் பதிவாயிற்று. பன்னிரண்டு வருடம் தாமதம். வரிவிலக்கு உள்ள தர்ம ஸ்தாபனம் அல்ல, ஆனாலும் பெயர் போட்டு செக் எழுத ஒரு இடம் கிடைத்தது.

இனி கரண்ட் பில்.

தியோ வீட்டின் நிலவறையில் இரும்புச் சட்டங்களில் வரிசை வரிசையாக மெஷின்கள். ஒரே மாதிரி அல்ல. பல காலத்து, பல கம்பெனி மெஷின்கள், 1980-களில் உலகைக் கலக்கிய வாக்ஸ் ரகம் உட்பட. ஒவ்வொரு பதிப்பையும் ஒவ்வொரு ரகத்திலும் நிஜமாகவே ஓட்டிப் பார்ப்பார்கள். ஒரு மெஷினில் ஒளிந்திருக்கும் பிழை இன்னொன்றில் பல்லை இளித்துக்கொண்டு வெளியே வரும் என்பது அவர்கள் அனுபவம். ஆகவே இரவும் பகலும் ஓடும். வருடத்துக்கு மின் கட்டணம் 20,000 டாலர். அன்றைய மதிப்பில் 11 லட்சம் ரூபாய்க்குக் குறையாது. இத்தனைக்கும் கால்கரி குளிர்ப் பிரதேசம். நம் ஊராக இருந்தால் ஏசி பில் தனி.

2013 டிசம்பரில் இந்தச் செலவை யாராவது ஏற்றுக்கொள்ள முடியுமா என்று தியோ கேட்டார். பதில் போதவில்லை. 2014 ஜனவரியில் அறக்கட்டளையின் பாப் பெக் நேராகவே சொல்லிவிட்டார்: பணம் வராவிட்டால் இழுத்து மூட வேண்டியதுதான்.

உடனே அறிவுரை குவிந்தது. பழைய மெஷின்களைத் தூக்கிப் போடுங்கள், வீட்டிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றுங்கள், எல்லாவற்றையும் ஒரே மெஷினில் பாவனையாக ஓட்டுங்கள். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இவ்வளவு யூனிட் எரிகிற வீட்டுக்கு நான் போயிருந்தால், முதல் கேள்வியாக "இந்த வாக்ஸ் எதுக்கு சார்?" என்றுதான் கேட்டிருப்பேன். ஆனால் கவனித்தீர்களா, அறிவுரைக்கு ரசீது போட வேண்டியதில்லை.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று குறுக்கே வருகிறது. தொண்ணூறுகளில் ஒரு சின்ன ஊரில் பிரிவு அலுவலகத்தில் இருந்தேன். ஒரு தடவை துண்டிப்புப் பட்டியலில் ஊர்ப் படிப்பகத்தின் இணைப்பு எண்ணும் இருந்தது. இரண்டு பில் பாக்கி, 312 ரூபாய். படிப்பகம் என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். விதி விதிதானே. வயர்மேன் போய் பியூஸ் கேரியரைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் பார்த்தேன். ஏழெட்டுப் பேர் வாசலில் நின்று, மீதமிருந்த வெளிச்சத்தில் பேப்பரை முகத்துக்குக் கிட்டே பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அதில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், "பதினஞ்சு வருஷமா இங்க வந்து படிக்கிறேன் சார். இதுக்கு யார் பில் கட்டறான்னு ஒரு நாள்கூட நினைச்சதில்ல. யாரும் கேக்கவும் இல்ல" என்றார். மறுநாள் காலை பத்து மணிக்கு கவுன்டரில் சில்லறையாகவே பணம் வந்தது, மறு இணைப்புக் கட்டணமும் சேர்த்து. எண்ணி முடிக்கக் காசாளருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

கால்கரியிலும் பாப் பெக் கேட்ட பிறகுதான் வந்தது. ரோமானியாவைச் சேர்ந்த பிட்காயின் வியாபாரி மிர்சியா பொபெஸ்கு 20,000 டாலர் கொடுத்தார், ஒரு வருட மின் கட்டணம் அப்படியே. பத்து டாலர், இருபது டாலர் என்று சின்னத் தொகைகளும் பல நாடுகளிலிருந்து வந்தன. அந்த வருடத்துக்கு அறக்கட்டளை வைத்த இலக்கு 1,50,000 டாலர். அதையும் எட்டினார்கள். மெஷின்கள் அணையவில்லை.

இதோடு முடிந்திருந்தால் ஒரு வீட்டுக் கதையாகப் போயிருக்கும். மூன்றே மாதத்தில் உலகத்துக்கே ஷாக் அடித்தது.

2014 ஏப்ரல் 7. ஹார்ட்பிளீட் என்று ஒரு ஓட்டை வெளியே வந்தது. இது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற வேறொரு மென்பொருளில். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் குழப்பிக்கொள்ளாதீர்கள், எனக்கே மகன் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. பாங்கு வெப்சைட்டில் பூட்டுப் படம் தெரியுமே, அந்த மாதிரிப் பூட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் இருந்தது அதுதான். இரண்டு வருடமாக அந்த ஓட்டை வழியாக சர்வரின் நினைவகத்தில் உள்ளதைத் துண்டு துண்டாக உருவ முடிந்திருக்கிறது. யார் எழுதினார்கள், யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எல்லோரும் தேடினார்கள். பார்த்தால், முழுநேரமாக ஒரே ஒரு ஆள். வருடத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். உலகத்தின் வியாபாரம் அத்தனையும் அந்தப் பூட்டை நம்பி நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் கம்பெனிகளுக்கு உறைத்தது. ஏப்ரல் 24-ஆம் தேதி லினக்ஸ் அறக்கட்டளை ஒரு நிதியை அறிவித்தது. கூகுள், மைக்ரோசாப்ட், அமேசான், ஃபேஸ்புக், ஐபிஎம் உள்ளிட்ட பத்துப் பன்னிரண்டு கம்பெனிகள், ஆளுக்கு வருடம் ஒரு லட்சம் டாலர் வீதம் மூன்று வருடத்துக்குத் தருவதாக ஒப்புக்கொண்டன. பதினேழு நாளில்! அந்தக் கம்பெனிகளுக்கு இந்தத் தொகை காபிச் செலவு. முந்தைய வருடம் கொடுத்திருந்தால் என்ன என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

கால்கரிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஜனவரியில் கரண்டுக்குக் கையேந்தியவர்கள், ஏப்ரலில் அந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு சுத்தம் செய்ய உட்கார்ந்துவிட்டார்கள். முதல் வாரத்திலேயே 90,000 வரிகளை வெட்டி எறிந்தார்கள். அதற்கு லிப்ரெஎஸ்எஸ்எல் என்று பெயர் வைத்துத் தங்கள் அமைப்பில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஜூலையில் ஸ்லோவேனியா நாட்டின் லுப்லியானாவில் வழக்கம்போல ஹேக்கத்தான். நன்கொடையில் ஒரு பகுதி எப்போதும் இந்தக் கூட்டங்களுக்குத்தான் போகிறது. தூரத்தில் இருந்துகொண்டு ஆறு மாதம் கடிதத்தில் சண்டை போடுகிற விஷயம், ஒரே மேஜையில் உட்கார்ந்தால் அரை நாளில் முடிந்துவிடும் என்பதற்காக. எங்கள் ஆபீஸிலும் கோப்பு மூன்று மாதம் சுற்றும், டீக்கடையில் ஐந்து நிமிடத்தில் முடிவாகும்.

2015-இல் மைக்ரோசாப்ட் அறக்கட்டளைக்குப் பெரிய தொகை கொடுப்பவர்கள் பட்டியலில் சேர்ந்தது. விண்டோஸிலும் எஸ்எஸ்எச் வேண்டும் என்று அவர்கள் முடிவெடுத்த வருடம் அது. 2016 செப்டம்பரில் வந்த பதிப்போடு சிடி விற்பனை நின்றுபோனது. அதே பதிப்போடு வாக்ஸ் மெஷினுக்கும் விடை கொடுத்தார்கள். அந்தச் சிடிகளை வரிசையாக அடுக்கிவைத்துப் படம் எடுத்துப் போட்டிருக்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள். நான் கல்கி தீபாவளி மலர்களை அடுக்கிவைத்திருப்பது மாதிரி.

இதையெல்லாம் படித்து முடித்த அன்று இரவு மகனுக்குப் போன் போட்டேன். "தினம் காலைல அந்தக் கதவைத் திறக்கிறியே, எப்பவாவது ஏதாவது கொடுத்திருக்கியா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இல்லப்பா" என்றான். "எங்க கம்பெனியும் கொடுத்த மாதிரி தெரியல" என்றான்.

"சரி, என் பென்ஷன்லேர்ந்து ஆயிரம் ரூபா அனுப்பறேன். என் பேர்ல கட்டிடு. எனக்கு அந்த டாலர் கணக்கெல்லாம் போடத் தெரியாது."

மறுநாள் அவன் கட்டிவிட்டு விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். இருபத்தைந்து கனடா டாலர். என் ஆயிரத்துக்கு மேல் ஆகியிருக்கும், மீதியை அவன் போட்டிருக்கிறான், கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறான். அதை ஆபீஸ் மெஷினிலேயே பிரின்ட் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். வீட்டு வெள்ளை அட்டை வைத்திருக்கிற பிளாஸ்டிக் உறையில் அதற்கும் இடம் இருக்கிறது.